உப்பு வரியும் ஒரு தவறான விடையும்



"உப்புச் சத்தியாக்கிரகம் பற்றிச் சிறு குறிப்பு வரைக" என்பது பள்ளித் தேர்வுகளில் அடிக்கடி இடம்பெறும் வினாக்களுள் ஒன்று. நம் வீட்டுப் பிள்ளைகளும் இதற்கு விடை எழுதியே வளர்கின்றனர். காந்தியடிகள், தண்டி, 1930, ஒரு பிடி உப்பு என நான்கு செய்திகளை எழுதிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. ஆனால் அவ்விடையை எழுதிய பிள்ளையிடம், "கடலோரத்தில் கிடந்த உப்பை ஒருவர் கையில் எடுத்ததற்கு ஒரு பேரரசு ஏன் அஞ்ச வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுமொழி வராது. பிள்ளையைக் குறை கூறிப் பயனில்லை. கற்பித்த நாம் அதனைச் சொல்லித் தரவில்லை என்பதே உண்மை.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பல்லாண்டுகள் வரலாறு கற்பித்த நாம், இப்பாடத்தில் ஒரு பெருந்தவறும் செய்தோம். அதனைக் கட்டுரையின் பிற்பகுதியில் ஒளிக்காமல் கூறுவோம். அதற்குமுன், இல்லத்தில் பெற்றோரும் தாத்தா பாட்டியரும் பிள்ளைகளை அருகில் இருத்திப் படித்துக் காட்டும் வகையில், பாடத்தை முறையாகக் காண்போம்.

உப்பின்மேல் வரி வந்த விதம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சென்றவர்கள் சாலையின் இருமருங்கும் உப்பளங்களைக் கண்டிருப்பீர்கள். உவர்நீரைப் பாத்திகளில் பாய்ச்சுகின்றனர். வெயில் நீரை வற்றச் செய்கிறது. படிந்த உப்பைப் பலகையால் வாரிக் குவிக்கின்றனர். இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. கடலும் கதிரவனும் மனித உழைப்பும் போதும். இத்துணை எளிதாகக் கிடைக்கும் பொருளை ஓர் அரசு தன் தனியுரிமை ஆக்க வேண்டுமானால், காவலும் தண்டனையும் இன்றி இயலாது. உப்புவரியின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு கருத்தைக் கொண்டு விளங்கிக் கொள்ளலாம்.

வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியுரிமை பெற்ற 1765ஆம் ஆண்டிலேயே, கிளைவ் உப்பு, பாக்கு, புகையிலை ஆகியவற்றின் வாணிகத்தைக் கம்பெனி அலுவலர்களின் சங்கம் ஒன்றன் கையில் ஒப்படைத்தார். பின்னர் உப்பு வாணிகம் கம்பெனியின் தனியுரிமை ஆயிற்று. சென்னை மாகாணத்தில் இத்தனியுரிமை 1805இல் ஏற்பட்டது. காலப்போக்கில் இங்கிலாந்தின் செஷயர் பகுதி உப்பு கப்பலேறி வந்து வங்காளத்தில் விற்பனையாயிற்று. கடலை அடுத்து வாழ்ந்த மக்கள் கடல் கடந்து வந்த உப்பை விலைக்கு வாங்கினர்.

வங்காளம் போன்ற பகுதிகளில் வரி மிகுதி. இராசபுதனத்துச் சாம்பார் ஏரி போன்ற இடங்களில் உப்பு மலிவு. மலிவான உப்பு வரியின்றி உள்ளே வந்துவிடாமல் தடுக்க, ஆங்கிலேயர் நாட்டின் குறுக்கே ஒரு சுங்க எல்லையை அமைத்தனர். 1870ஆம் ஆண்டளவில் அது சிந்து நதியிலிருந்து மகாநதிப் பகுதிவரை ஏறத்தாழ 2,300 மைல் நீண்டிருந்தது. அதன் பெரும்பகுதியில் கருவேல், இலந்தை, சப்பாத்திக் கள்ளி முதலியவற்றாலான உயிர்வேலி வளர்க்கப்பட்டது. ஏறத்தாழ 12,000 பேர் அதனைக் காத்து நின்றனர். உப்புக்காக ஒரு நாட்டின் குறுக்கே வேலி வளர்த்த செய்தியைப் பிள்ளைகள் கேட்டால் வியப்படைவர். அவ்வேலியைச் செம்மைப்படுத்திய அதிகாரிகளுள் ஒருவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். பிற்காலத்தில், 1885இல், காங்கிரசு மகாசபை தோன்ற முன்னின்றவரும் அவரே.

1879இல் அச்சுங்க எல்லை கைவிடப்பட்டது. ஆனால் வரி ஒழியவில்லை. 1882ஆம் ஆண்டின் உப்புச் சட்டம் உப்புத் தயாரித்தலையும் விற்றலையும் அரசின் கட்டுப்பாட்டில் வைத்தது. உரிமம் இன்றித் தன் வீட்டு உலைக்கு ஒரு பிடி உப்புக் காய்ச்சியவரும் குற்றவாளி ஆனார்.

சிறு கணக்கு

வரலாற்றுப் பாடத்தில் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். ஆள்வோர் கணக்குப் போட்டே ஆண்டனர். நாமும் கணக்குப் போட்டாலன்றி அவர்தம் ஆட்சி விளங்காது.

1923ஆம் ஆண்டில் ஒரு மணங்கு உப்பின்மேல் இருந்த வரி ரூ.1-4-0. மணங்கு என்பது 40 சேர். இன்றைய அளவில் 37 கிலோவுக்குச் சற்று மிகுதி. அவ்வாண்டு அரசு இவ்வரியை ரூ.2-8-0 ஆக இரட்டிப்பாக்க முயன்றது. மத்திய சட்டசபை மறுத்தது. வைசிராய் ரீடிங் பிரபு தம் தனி அதிகாரத்தால் அதனை நிறைவேற்றினார். மறு ஆண்டே வரி பழைய அளவுக்கு இறங்கியது. எனினும், மக்கள் சார்பில் அமர்ந்தோர் வேண்டா என்று சொன்ன வரியை ஒருவர் தம் கையொப்பத்தால் விதிக்க முடியும் என்பதை நாடு கண்டுகொண்டது.

ரூபாய் ஒன்றுக்கு 16 அணா. ஆகவே ரூ.1-4-0 என்பது 20 அணா. 40 சேருக்கு 20 அணா எனில், சேர் ஒன்றுக்கு வரி அரை அணா. ஒரு குடும்பம் திங்கள்தோறும் 3 சேர் உப்புச் செலவிடுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 36 சேர். வரி 18 அணா. குடும்பத் தலைவரின் நாட்கூலி 4 அணா எனக் கொண்டால், நாலரை நாள் உழைப்பு உப்புவரிக்கே போய்விடும். ஜமீன்தார் வீட்டிலும் ஏறத்தாழ இதே அளவு உப்புத்தான் செலவாகும். அவருக்கு 18 அணா ஒரு பொருட்டன்று. வெயிலில் வியர்வை சிந்தி உழைப்பவருக்கும் அவர்தம் மாட்டுக்கும் உப்பு மிகுதியாகவே வேண்டும். எனவே ஏழையின்மேல் மிகுதியாகவும் செல்வர்மேல் குறைவாகவும் விழுந்த வரி இது.

ஏன் உப்பு?

காந்தியடிகள் உப்பைப் பற்றி 1930இல் திடீரென நினைத்தாரல்லர். 1891இல் இலண்டனில் மாணவராக இருந்தபோதே, உப்பும் ரொட்டியும் உண்டு வாழும் ஏழை இந்தியரைப் பற்றியும், அவ்வுப்பின்மேல் உள்ள வரிச்சுமையைப் பற்றியும் எழுதியுள்ளார்.

1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரசு மகாசபை முழு விடுதலையே குறிக்கோள் என்று முடிவு செய்தது. 1930 ஜனவரி 26 அன்று நாடெங்கும் மக்கள் விடுதலை உறுதிமொழி ஏற்றனர். அடுத்து எச்சட்டத்தை மீறுவது என்ற வினா எழுந்தது. காந்தியடிகள் உப்பைத் தேர்ந்தபோது உடனிருந்த தலைவர்களே திகைத்தனர். பூரண சுயராச்சியம் எங்கே, அடுப்படி உப்பு எங்கே என்று எண்ணினர். ஜவஹர்லால் நேருவும் தமக்கு முதலில் அது விளங்கவில்லை என்பதைத் தம் சுயசரிதையில் ஒப்புக்கொண்டுள்ளார். வைசிராய் இர்வின் பிரபு, உப்புப் போராட்டத்தால் தம் உறக்கம் கெடவில்லை என்ற கருத்துப்பட இலண்டனுக்கு எழுதினார்.

1930 மார்ச் 2ஆம் நாள் காந்தியடிகள் இர்வினுக்கு ஒரு மடல் எழுதினார். ரெஜினால்டு ரெனால்ட்ஸ் என்னும் ஆங்கில இளைஞரே அதனைக் கொண்டு சென்றார். தம் போராட்டம் ஆங்கிலேய மக்கள்மேல் கொண்ட பகையன்று என்பதைக் காட்டவே அவர் ஓர் ஆங்கிலேயரைத் தேர்ந்தார். வைசிராயின் திங்கள் ஊதியம் 21,000 ரூபாய். நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 ரூபாய். ஓர் இந்தியரின் சராசரி வருவாயோ நாளொன்றுக்கு 2 அணாவிற்கும் குறைவு. இதனைச் சுட்டிக்காட்டி, தனிமனிதராக உங்கள்மேல் மதிப்புடையேன், நீங்கள் சார்ந்த அமைப்பையே எதிர்க்கிறேன் என்னும் பொருள்பட அவர் எழுதினார். தாம் மீறப்போகும் சட்டத்தையும், தொடங்கப்போகும் காலத்தையும் எதிராளிக்கே முன்கூட்டித் தெரிவித்தார். இப்படி ஒளிவுமறைவற்று நடப்பது சத்தியாக்கிரகத்தின் முதல் இலக்கணம் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

தண்டிப் பயணம்

மார்ச் 12 அன்று சபர்மதி ஆசிரமத்திலிருந்து 78 தொண்டர்களுடன் காந்தியடிகள் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 60 நிறைந்திருந்தது. ஏறத்தாழ 240 மைல் தொலைவை 24 நாட்களில் நடந்து, ஏப்ரல் 5 அன்று தண்டி கடற்கரையை அடைந்தனர். ஏப்ரல் 6 காலை அவர் கடலோரத்து உப்பைக் கையில் எடுத்தார். அரசின் ஆட்கள் அங்குப் படிந்திருந்த உப்பை முன்னதாகவே சேற்றில் கலந்து அழித்திருந்தும், கையில் எடுக்கும் அளவுக்கு எஞ்சியிருந்தது.

இப்பயணத்தில் பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு நிகழ்ச்சி உண்டு. மார்ச் 29 அன்று பட்காம் என்னும் சிற்றூரில் காந்தியடிகள் பேசினார். தொண்டர்களுக்காகச் சூரத்திலிருந்து மோட்டார் வண்டியில் பால் வந்தது. இரவில் வழிகாட்ட ஒரு கூலியாள் பெரிய விளக்கைத் தலையில் சுமந்து, விரைந்து நடக்குமாறு விரட்டப்பட்டார். இவற்றையறிந்த காந்தியடிகள் ஊர்மக்கள் முன்னிலையிலேயே தம்மையும் தம் தொண்டர்களையும் கடிந்துகொண்டார். ஏழை நாட்டின் வருவாய்க்குப் பொருந்தாத வாழ்வை நாமே வாழ்ந்தால், வைசிராயின் ஊதியத்தைக் குறைகூற நமக்கு என்ன தகுதி என்பதே அவர் கேட்ட வினா. எதிராளியின் குற்றத்தை அளந்த கோலால் தம்மையும் அளந்துகொண்டார். மிகுபொருள் விரும்பாமையை நோன்பாகப் போற்றும் நம் குடும்பங்களில் இந்நிகழ்ச்சியைத் தவறாமல் சொல்ல வேண்டும்.

வேதாரண்யம்

தண்டியின் அழைப்புக்குத் தமிழகம் அளித்த விடை வேதாரண்யம். ஏப்ரல் 13 அன்று இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ 100 தொண்டர்கள் திருச்சியில் டாக்டர் தி.சே.சௌ. ராஜன் அவர்கள் இல்லத்திலிருந்து புறப்பட்டனர். அந்நாள் தமிழ்ப் புத்தாண்டு நாள். 1919இல் ஜாலியன் வாலாபாக் படுகொலை நிகழ்ந்த நாளும் அதுவே. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை இப்பயணத்திற்கென வழிநடைப் பாடல் இயற்றித் தந்தார். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகச் சென்ற பயணத்தின் நீளம் ஏறத்தாழ 150 மைல்.

தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்த தார்ன் என்பவர் தொண்டர்களை வழியில் அடிக்கவில்லை; பசியால் திருப்பியனுப்ப எண்ணினார். தொண்டர்களுக்கு உணவோ உறைவிடமோ தருபவர்க்குச் சிறைத்தண்டனை கிடைக்கும் என்று அறிவித்தார். வழிப்போக்கருக்குச் சோறிடுவதை அறமாகக் கொண்ட காவிரி நாட்டில் சோறிடுதல் குற்றமாயிற்று. மக்கள் ஒரு வழி கண்டனர். சாலையோர மரக்கிளைகளில் உணவுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டனர். சோறு கிடைத்தது; இட்டவர் யார் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. வெளிப்படையாகவே விருந்தளித்துச் சிறை சென்றோரும் உளர்.

வேதாரண்யத்தில் தொண்டர்களுக்குத் துணையாக நின்றவர் வேதரத்தினம் பிள்ளை. அவர் சிறைப்பட்டார், அவருடைய சொத்துகள் பறிமுதலாயின. ஏப்ரல் 30 அன்று அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளிய இராஜாஜி கைதானார். கு. காமராசரும் இப்போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். தலைவர்களைச் சொல்லும்போது முடிதிருத்தும் தொழிலாளர் வைரப்பனையும் சொல்ல வேண்டும். தொண்டர்களைத் துன்புறுத்திய காவலர்க்குத் தொழில் செய்வதில்லை என்று உறுதி பூண்டிருந்த அவர், தாம் மழித்துக்கொண்டிருந்தவர் காவலர் என்று அறிந்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். சிறைத்தண்டனையை ஏற்றார், கத்தியை மீண்டும் எடுக்கவில்லை. அவருக்கு வேதாரண்யத்தில் நினைவுத்தூண் உள்ளது.

பெண்கள் வந்த வழி

தண்டிக்கு நடந்த தொண்டர்களுள் ஒரு பெண்கூட இல்லை. கமலாதேவி சட்டோபாத்தியாயா இதனை ஏற்காமல் காந்தியடிகளிடம் வாதாடினார். பெண்களும் உப்புச் சட்டத்தை மீறலாம் என்ற இசைவு பின்னர்க் கிடைத்தது. உப்புப் பானைக்கு உரியவர்கள் உப்புப் போராட்டத்திற்கு வாதாடியே வர வேண்டியிருந்தது! வந்தபின் அவர்கள் பின்தங்கவில்லை. வேதாரண்யப் போராட்டத்தில் கலந்துகொண்ட ருக்மிணி லட்சுமிபதி அம்மையார் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்த முதல் பெண்மணி என அவர் போற்றப்படுகிறார்.

தராசனா

மே மாதத் தொடக்கத்தில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அடுத்துத் தராசனா உப்புக்கிடங்கை நோக்கிச் செல்லத் தலைமையேற்ற அப்பாஸ் தியாப்ஜி ஓய்வுபெற்ற நீதிபதி, வயது 76. அவரும் கைதானதும் சரோஜினி நாயுடு அம்மையார் தலைமையேற்றார். மே 21 அன்று தொண்டர்கள் வரிசை வரிசையாக முன்னேறினர். காவலர் இரும்புப் பூண் போட்ட தடிகளால் அவர்தம் தலையில் அடித்தனர். ஒரு வரிசை வீழ்ந்ததும் அடுத்த வரிசை நடந்தது. அடியைத் தடுக்கவும் எவரும் கை உயர்த்தவில்லை. வெப் மில்லர் என்னும் அமெரிக்கச் செய்தியாளர் மருத்துவக் கொட்டகையில் 320 பேர் காயமுற்றுக் கிடந்ததையும், இருவர் இறந்ததையும் உலகுக்கு அறிவித்தார்.

அகிம்சை நமக்குப் புதிய சொல் அன்று. காந்தியடிகள் தம் வாழ்வில் ஆழமாகப் பதிந்தோருள் ஒருவராகக் குறிப்பிடும் ஸ்ரீமத் ராஜசந்திரர் குசராத்துச் சமண அறிஞரே. எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எறும்புக்கும் ஊறு செய்யாமை ஒரு நிலை. அடிக்க வருபவன் முன் அஞ்சாமல் நின்று, அவனையும் வெறுக்காமை மற்றொரு நிலை. முன்னதை நாம் நாள்தோறும் பயில்கிறோம். பின்னதைத் தராசனாவில் உழவரும் மாணவரும் பயின்று காட்டினர்.

நாம் செய்த தவறு

இனி, முன்பு சொல்லிய தவற்றுக்கு வருவோம். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இப்பாடத்தைக் காரணங்கள், போக்கு, விளைவுகள் என மூன்று தலைப்பில் கரும்பலகையில் எழுதிக் கற்பிப்பது நம் வழக்கம். விளைவுகளுள் முதலாவதாக "உப்புவரி நீக்கப்பட்டது" என்று எழுதினோம். பதினான்கு ஆண்டுகள் அவ்வாறே எழுதினோம். எந்நூலிலும் பார்த்து எழுதவில்லை. இத்துணைப் பெரும் போராட்டத்திற்குப் பின் வரி போயிருக்கத்தான் வேண்டும் என்று நாமே கருதிக்கொண்டோம்.

ஒருநாள் மரக்காணம் பகுதியிலிருந்து வந்த பயிற்சி மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, உலகப்போர் நடந்த காலத்திலும் உப்பளத்தில் வரி கட்டிச் சீட்டு வாங்கிய பின்னரே வண்டி புறப்படும் என்று எங்கள் தாத்தா சொல்வார். 1930இல் வரி போய்விட்டது என்றால் அது எப்படி?" என்று வினவினாள். முதியவர் ஆண்டை மறந்திருப்பார் என்று சொல்லி அவளை அமரச் செய்தோம். அன்றிரவு மனம் அமைதி கொள்ளவில்லை. மறுநாள் நூலகம் சென்று நூல்களைப் புரட்டினோம். முதியவர் சொன்னதே சரி.

1931 மார்ச் 5 அன்று காந்தி-இர்வின் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கடலோரச் சிற்றூர் மக்கள் தம் தேவைக்கும் தம் ஊர்க்குள் விற்பதற்கும் உப்பு எடுத்துக்கொள்ள அது இசைவளித்தது. வரியை அது தொடவேயில்லை. அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் நான்கில் ஒரு பங்கு கூடுதல் வரி விதிக்கப்பட்டு, மணங்கு ஒன்றுக்கு ரூ.1-9-0 ஆக உயர்ந்தது. தலைகள் உடைந்தபின் வரி ஏறியது என்பதே வரலாறு. உப்புவரி ஒழிந்தது 1947இல்.

மறுநாள் வகுப்பில் அம்மாணவியை எழுப்பி, அனைவர் முன்னிலையிலும் எம் பிழையை ஒப்புக்கொண்டு, கரும்பலகையில் திருத்தி எழுதினோம். ஆனால் அதற்குமுன் படித்துச் சென்ற பதினான்கு அணிகள்? அவர்கள் சிற்றூர்ப் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகளுக்கு அப்பொய்யைச் சொல்லிக் கொடுத்தனரோ! முகவரி கிடைத்தவர்க்கு அஞ்சலட்டை எழுதினோம். கிடைக்காதவரே மிகுதி. இக்கட்டுரை அவர்களுள் எவரேனும் ஒருவர் கண்ணில் பட்டால், இதனையே எம் மடலாகக் கொள்க.

அப்படியானால் வென்றது எது?

வரி போகவில்லை எனில் போராட்டம் தோற்றதா என்று பிள்ளைகள் கேட்பர், கேட்கவேண்டும். அதற்கு விடையைத் தார்ன் என்னும் அந்த ஆட்சியரே எழுதிவைத்துள்ளார். அரசின்மேல் மக்களுக்குப் பற்று முன்பு இருந்திருப்பினும் அது இப்போது இல்லை என்ற கருத்தை அவர் மேலிடத்திற்குத் தெரிவித்தார். அந்நியர் ஆட்சி படையை மட்டும் கொண்டு நிற்கவில்லை. ஆணைக்குப் பணிவதே இயல்பு என்ற மக்களின் பழக்கத்தின்மேலும் நின்றது. மரக்கிளையில் சோற்றுப் பொட்டலம் கட்டிய கைகள் அப்பழக்கத்தை அறுத்தன. வைசிராயின் மாளிகைக்குள் காந்தியடிகள் சமநிலையில் அமர்ந்து பேச நுழைந்தபோது, இங்கிலாந்தில் சர்ச்சில் கொதித்தெழுந்தார். எது கைநழுவியது என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

இவ்வெற்றி உண்மையானது. இதற்குப் பொய் அணிகலன் வேண்டுவதில்லை. சத்தியத்தைப் பற்றி நிற்றல் என்னும் பொருளுடைய போராட்டத்தைச் சத்தியத்திற்கு மாறாகக் கற்பிப்பது எவ்வாறு தகும்? நம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும்போது, அறிந்ததைச் சொல்வோம். ஐயம் எழுந்தால் தேடிப் பார்ப்போம். பிழை தெரிந்தால், பிள்ளைகள் முன்னிலையிலேயே திருத்திக்கொள்வோம்.

இல்லப் பயிற்சி

1. மணங்குக்கு ரூ.2-8-0 எனில் ஒரு சேர் உப்புக்கு வரி எவ்வளவு? திங்களுக்கு 3 சேர் செலவிடும் குடும்பம் ஆண்டுக்கு எவ்வளவு வரி செலுத்தும்?

2. காந்தியடிகள் தம் போராட்டத்தை வைசிராய்க்கு முன்கூட்டியே அறிவித்தது ஏன்?

3. பட்காம் நிகழ்ச்சியை உங்கள் சொந்த நடையில் எழுதுக.

4. மரத்தில் சோறு கட்டியோர், வைரப்பன், தராசனாத் தொண்டர் ஆகியோரின் செயல்களுள் எது கடினமானது? காரணம் கூறி வீட்டாருடன் உரையாடுக.

5. உங்கள் வீட்டில் அல்லது தெருவில் உள்ள முதியவர் ஒருவரிடம் பழங்கால நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டு எழுதி, அது சரிதானா என்று நூலகத்தில் ஒப்பிட்டுப் பார்க்க. நூலும் முதியவரும் மாறுபட்டால், முதியவர் சொன்னதை உடனே தள்ளிவிட வேண்டா. ஒருமுறை அவ்வாறு தள்ளிய பிழையை நாம் செய்துள்ளோம்.